மூன்றுக்கும் ஒரே எண்ணெய்

நான் வேலை பார்த்தது சுரங்கத்தின் எண்ணெய்ச் சோதனைக் கூடத்தில். லேப் என்றுதான் எல்லோரும் சொல்வோம். மண் வெட்டும் பெரிய மெஷின்களிலிருந்தும் மண் சுமக்கும் டம்பர் லாரிகளிலிருந்தும் சின்னச் சின்ன பாட்டில்களில் எண்ணெய் எடுத்து எங்களுக்கு அனுப்புவார்கள். பாட்டில் கழுத்தில் மெஷின் நம்பர் எழுதிய அட்டை கட்டியிருக்கும். அந்த எண்ணெயை வெந்நீர்த் தொட்டிக்குள் நிற்கும் கண்ணாடிக் குழாயில் ஊற்றி, மேல் கோட்டிலிருந்து கீழ்க் கோட்டுக்கு இறங்க எத்தனை விநாடி ஆகிறது என்று ஸ்டாப்வாட்சைப் பிடித்துக்கொண்டு பார்க்க வேண்டும். தண்ணீர் கலந்திருக்கிறதா, இரும்புத் தூள் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். கடைசியில் ஒரு சீட்டில் ‘ஓடலாம்’ என்றோ ‘ஆயில் மாற்றவும்’ என்றோ எழுதிக் கீழே கையெழுத்துப் போடுவேன். நாலு மாடி உயரத்து மெஷின் ஒன்று என் கையெழுத்துக்காக ஒரு ஷிஃப்ட் முழுக்க நின்றிருக்கிறது. ஏன் என்று ஒருவரும் என்னைக் கேட்டதில்லை.

அப்படிப்பட்ட நான், என் வீட்டு வாசலில் நின்ற நூறு சிசி மோட்டார் சைக்கிளுக்கு எந்த எண்ணெய் ஊற்ற வேண்டும் என்று சொன்னேன். கேட்கத்தான் ஆள் இல்லை. இத்தனை வருஷம் கழித்தும் எனக்கு அது ஆறவில்லை.

எண்பதுகளின் நடுவில் நடந்தது இது. என் கணவர் அனல் மின் நிலையத்தில் ஆபரேட்டர். அதுவரை எங்களிடம் இருந்தது ஒரு பழைய ஸ்கூட்டர். பெட்ரோல் போடும்போதெல்லாம் அதற்கு எண்ணெயும் கலந்து ஊற்ற வேண்டும். ஓடும்போது பின்னால் நீலப் புகை விடும். என் புடவையெல்லாம் அந்த வாசனைதான் அடிக்கும். அந்தச் சமயத்தில்தான் ஜப்பான்காரன் எஞ்சின் வைத்த புது வண்டிகள் வந்தன. பதிவு செய்துவிட்டுப் பல மாதம் காத்திருந்தோம். வந்தது. எங்கள் பிளாக்கில் அது மூன்றாவதோ நாலாவதோ. சிவப்பு வண்டி. ஷிஃப்ட் முடிந்து சைக்கிளில் போகிறவர்கள் எங்கள் குவார்ட்டர்ஸ் வாசலில் கால் ஊன்றி நின்று பார்த்துவிட்டுப் போவார்கள்.

பெட்ரோல் பங்க்கில் முதல் தடவை ஒரே குழப்பம். “ஆயில் எவ்வளவு சார்?” என்று கேட்டான் பங்க் ஆள். “இதுக்கு வேண்டாம்ப்பா” என்றார் இவர். அவன் நம்பவில்லை. “எஞ்சின் பிடிச்சிக்கும் சார்” என்றான். வண்டிக்குள் எண்ணெய் தனியாக இருக்கிறது, பெட்ரோலோடு சேராது என்று நான் சொன்னேன். அவன் என்னைப் பார்க்காமல், “அப்டிங்களா சார்?” என்று இவரையே கேட்டான். அன்றைக்கு எனக்குச் சிரிப்புத்தான் வந்தது.

வண்டியோடு ஒரு சின்ன புத்தகம் கொடுத்திருந்தார்கள். ஆங்கிலத்தில் இருந்தது. ஒரு விடுமுறை நாள் மத்தியானம் உட்கார்ந்து முழுவதும் படித்தேன். எனக்கு அது தொழில் சம்பந்தப்பட்ட விஷயம், ஆசையாகவே படித்தேன். எண்ணெய்க்கென்று ஒரு பக்கம் ஒதுக்கியிருந்தார்கள். இருபது-டபிள்யூ-நாற்பது என்ற ரகம் ஊற்ற வேண்டும். குளிர்ந்திருக்கும்போது இளகலாக ஓடி, சூடேறியதும் நாற்பது நம்பர் எண்ணெயின் தடிப்போடு நிற்கிற ரகம் அது. ஒரு லிட்டருக்கும் கொஞ்சம் குறைவாகத்தான் பிடிக்கும். அடுத்த வரியைத் தடித்த எழுத்தில் போட்டிருந்தார்கள்: இந்த எண்ணெயோடு வேறு எதையும் கலக்கக் கூடாது. படத்தைப் பார்த்ததும் காரணம் விளங்கிவிட்டது. எஞ்சின், கியர், கிளச் மூன்றும் ஒரே எண்ணெய்க்குள் கிடக்கின்றன. பழைய வண்டிகளில் எஞ்சினுக்குப் போவது பெட்ரோலில் கலக்கிற எண்ணெய். கியருக்கும் கிளச்சுக்கும் ஊற்றுவது வேறு. இதில் அப்படி இல்லை. எஞ்சினுக்கு வழுக்க வேண்டும். கிளச் தட்டுகளோ ஒன்றையொன்று இறுகப் பிடிக்க வேண்டும். இரண்டையும் ஒரே எண்ணெய் பார்த்துக்கொள்ள வேண்டும் என்றால் அதை எவ்வளவு யோசித்துத் தேர்ந்திருப்பார்கள்.

இதை இவரிடம் சொன்னேன். “பரீட்சையா எழுதப் போறே?” என்று கேட்டுவிட்டு ஷிஃப்டுக்குக் கிளம்பிப் போய்விட்டார்.

முதல் தடவை எண்ணெயைப் பண்ருட்டி டீலர் கடையிலேயே மாற்றினார்கள். இரண்டாவது தடவைதான் வினை வந்தது. இவருடைய சிநேகிதர் ஒருவர் எங்கள் பிளாக்கிலேயே, இரண்டு தெரு தள்ளி இருந்தார். சுரங்கத்து வண்டிப் பட்டறையில் ஃபோர்மேன். எங்களைப் போலவே தெற்கிலிருந்து வந்தவர். நாங்கள் அவரை அண்ணாச்சி என்போம். நல்ல மனுஷர். எங்களுக்கு எத்தனையோ உதவி செய்திருக்கிறார். ஆனால் சக்கரம் உள்ள எதைப் பற்றியும் தன்னைத் தவிர ஒருவருக்கும் தெரியாது என்று மனதார நம்பியவர். ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் ஒரு டின் எண்ணெயும், கட்டை விரல் உயரத்துக்கு ஒரு கறுப்பு டப்பாவும் எடுத்துக்கொண்டு வந்தார்.

எண்ணெய் சரியான எண்ணெய்தான். அதை நான் முதலிலேயே பார்த்துவிட்டேன். டப்பாவைத் திறந்தபோதுதான் விஷயம் புரிந்தது. அதற்குள் இருந்த கறுப்புக் குழம்பு எனக்கு நன்றாகத் தெரிந்த பொருள். பெரிய மெஷின்களில் சதா உராய்கிற இணைப்பு ஆணிகளுக்குப் போடும் கிரீஸில் இருக்கிற கறுப்புப் பொடியைத்தான் எண்ணெயில் கரைத்து அடைத்திருந்தார்கள். அந்தப் பொடியைத் தொட்டால் விரல்கள் ஒன்றின் மேல் ஒன்று நிற்காது. அப்படி வழுக்கும். கடலூரில் ஒரு ஏஜென்ட் விற்கிறாராம். இதை ஊற்றினால் எஞ்சின் ஆயுசு இரண்டு மடங்காகும் என்று சொன்னாராம்.

“அண்ணாச்சி, இத ஊத்தக் கூடாது” என்றேன்.

“ஏன் தங்கச்சி?”

“புஸ்தகத்துலயே எதையும் கலக்காதேன்னு போட்டிருக்கான். கிளச்சும் இதே எண்ணெயிலதான் இருக்கு. வழுக்க ஆரம்பிச்சா தட்டு பிடிக்காது.”

அவர் இவரைப் பார்த்துச் சிரித்தார். இவரும் சிரித்தார். அந்தச் சிரிப்பை எப்படி எழுதுவது என்று எனக்குத் தெரியவில்லை. குழந்தை திருக்குறளைத் தப்பாகச் சொன்னால் பெரியவர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொள்வார்களே, அந்த மாதிரி.

“தங்கச்சி, இருவது வருசமா டம்பர் பாத்துக்கிட்டு இருக்கேன். ஒவ்வொண்ணும் ஒரு வீடு மாதிரி இருக்கும். அதுக்கே இத ஊத்தி ஓட்டியிருக்கோம். லேப்ல பாட்டில்ல பாக்கது வேற, வண்டியில பாக்கது வேற. புஸ்தகத்துல ஆயிரம் போடுவான். அவன் ஊரு ரோடா நம்ம ரோடு?”

“ரோட்டப் பத்தி இல்ல அண்ணாச்சி...”

“சரி சரி. ஒரு வாய் காப்பி போடு தாயி. வெயில்ல வந்தேன்.”

நான் இவரைப் பார்த்தேன். “போடேன்” என்றார்.

போட்டேன். அதுதான் எனக்கு இன்னும் ஆற்றாமை. கையில் இருந்த டப்பாவைப் பிடுங்கித் தூர எறிந்திருக்கலாம். அன்றைய என் வளர்ப்புக்கு அது முடியாது. அடுப்படியில் நின்று பாலைக் காய்ச்சிக்கொண்டே, வாசலில் எண்ணெய் விழும் சத்தத்தைக் கேட்டேன். நான் டம்ளர்களோடு வெளியே வந்தபோது டப்பா காலி.

வண்டியை உதைத்தார்கள். முன்னைவிட மெத்தென்று ஓடியது, அது உண்மைதான். “பாத்தியா, மோர் மாதிரி ஓடுது” என்றார் இவர். பத்து நாள் அதையே சொல்லிக் காட்டினார். சாப்பிடும்போதுகூட ஒருநாள், “உங்க லேப்ல இந்த மருந்து வாங்கி வெச்சிக்கச் சொல்லு” என்றார். மெத்தென்று ஓடும், ஏன் ஓடாது? வழுக்குகிற பொருளைப் போட்டால் எஞ்சின் வழுக்கிக்கொண்டு ஓடத்தான் செய்யும். நான் பயந்தது எஞ்சினுக்காக அல்ல.

மூன்றாவது வாரம் என் தங்கைக்குப் பண்ருட்டியில் குழந்தை பிறந்தது. அவள் அங்கே ஆசிரியை. ஆஸ்பத்திரியில் அவளைப் பார்க்க நாங்கள் இரண்டு பேரும் வண்டியில் கிளம்பினோம். குழந்தைக்குத் துணிகள், அவளுக்கு ஒரு ஃப்ளாஸ்க், பத்தியச் சாப்பாடு எல்லாம் ஒரு பையில் என் மடியில் இருந்தன. டவுன்ஷிப்பைத் தாண்டி முந்திரித் தோப்புகள் ஆரம்பித்த இடத்தில் எஞ்சின் திடீரென்று வீறிட்டது. வண்டி மட்டும் வேகம் எடுக்கவில்லை. இவர் ஆக்ஸிலரேட்டரை இன்னும் முறுக்கினார். சத்தம்தான் ஏறியது. சக்கரம் ஏதோ தனக்குச் சம்பந்தமில்லாதது மாதிரி மெதுவாக உருண்டது.

“கிளச் வழுக்குது” என்றேன் பின்னாலிருந்து.

“சும்மா இரு.”

இன்னும் கொஞ்ச தூரம் போனதும் ஒரு சின்ன ஏற்றம். வண்டி அதில் நின்றேவிட்டது. “நீ கொஞ்சம் எறங்கி நட. லோடு தாங்கல” என்றார்.

நான் இறங்கினேன். லோடு என்பது நான். பையைத் தூக்கிக்கொண்டு அந்தச் செம்மண் ஓரத்தில் நடந்தேன். அவர் முன்னால் எஞ்சினை அலறவிட்டுக்கொண்டு நடக்கும் வேகத்தில் போய்க்கொண்டிருந்தார். டவுன்ஷிப்பிலிருந்து வந்த பஸ் ஒன்று எங்களைத் தாண்டியது. அதில் எங்கள் பிளாக்குப் பெண்கள் இரண்டு பேர் எட்டிப் பார்த்தார்கள். புது வண்டிக்காரி ஃப்ளாஸ்க்கோடு நடக்கிறாள். ஃப்ளாஸ்க்கில் இருந்த ரசம் கசிந்து என் கையெல்லாம் வழிந்தது. வெயில் மண்டையைப் பிளந்தது. அழவில்லை. அழுகிற கோபம் இல்லை அது.

முத்தாண்டிக்குப்பத்தில் ரோட்டோரமாக ஒரு மெக்கானிக் கடை இருந்தது. கீற்றுக் கொட்டகை, அடியில் ஒரு பழைய சாக்கு, அதன்மேல் வரிசையாக ஸ்பேனர்கள். கடைக்காரருக்கு முப்பது வயது இருக்கும். உள்ளூர்க்காரர். கூலி வேலைக்குப் போய்க்கொண்டிருந்து, சுரங்கத்தில் கான்ட்ராக்டில் கொஞ்ச நாள் இருந்து, அங்கே பார்த்துப் பழகிய வேலையை வைத்துக் கடை போட்டவர் என்று பிறகு தெரிந்துகொண்டேன். கிளச் கேபிளை முதலில் பார்த்தார். சரியாக இருந்தது. தளர்த்திப் பார்த்தார். மாற்றம் இல்லை. அளவு பார்க்கிற குச்சியைத் திருகி வெளியே எடுத்து, அதன் முனையில் இருந்த எண்ணெயை விரலில் தடவி வெயிலில் பிடித்தார்.

“இன்னாத்த கலந்துக்கிறாங்க இதுல?” என்று கேட்டார்.

இவர் எங்கேயோ பார்த்தார். நான்தான் சொன்னேன். கறுப்புக் குழம்பு, அது என்ன பொருள், எதற்குப் போடுவது, கிளச் எங்கே இருக்கிறது, எல்லாம் சொன்னேன். அவர் குறுக்கே பேசவில்லை. விரலையும் விரலையும் தேய்த்துக்கொண்டே கேட்டார்.

“அப்ப எஞ்சினு, கியரு, கிளச்சு, மூணுத்துக்கும் இந்த ஒரே ஆயிலுங்களா?”

“ஆமா.”

“எனுக்கு இது தெரியாதுங்க. இந்த வண்டிய நான் இன்னும் பிரிச்சிப் பாத்ததில்ல. பழைய வண்டிங்கதான் வருது. நீங்க சொல்றது சரிதான், நிக்கவே மாட்டுது பாருங்க விரலு.” கையைச் சாக்கில் துடைத்தார். “நான் இதுக்கு மேல தொட மாட்டேங்க. தொட்டா, நாளைக்கு கடைக்காரங்க நான்தான் கெடுத்தன்னு சொல்லிடுவாங்க. சார் மெதுவா ஓட்டிக்கினு போவட்டும். நீங்க பஸ்ல ஏறிக்குங்க. டீலரு கடையில புஸ்தகத்த காட்டிக் கேளுங்க.”

அந்த வருஷம் முழுக்க, ‘எனக்குத் தெரியாது, நீங்கள் சொல்வது சரி’ என்று என்னிடம் சொன்ன ஒரே ஆண்பிள்ளை அவர்தான். பார்த்ததற்குக் கூலியும் வாங்கவில்லை.

நான் பஸ்ஸில் போனேன்; இவர் வண்டியை டீலர் கடையில் விட்டுவிட்டு ஆஸ்பத்திரிக்கு வந்தார். குழந்தையைப் பார்த்துவிட்டு மத்தியானம் டீலர் கடைக்குப் போனோம். வண்டியை ஏற்கெனவே உள்ளே தள்ளிக் கிளச் மூடியைக் கழற்றியிருந்தார்கள். தட்டுகள் கண்ணாடி மாதிரி பளபளவென்று தீய்ந்து கிடந்தன. சர்வீஸ் சூப்பர்வைசர் வெள்ளைச் சட்டை போட்டுக் கையில் அட்டையோடு வந்தார். வண்டியைப் பார்த்தார். என்னைத் தலையிலிருந்து கால்வரை பார்த்தார். இவரிடம் சொன்னார்.

“சார், லேடீஸ் ஒரு பக்கமா உக்காந்தா வெயிட் பேலன்ஸ் ஆகாது. நீங்க ஹாஃப் கிளச் பிடிச்சே ஓட்டியிருப்பீங்க. அதான் பிளேட் போயிருச்சு. இதுக்கு வாரண்டி வராது.”

நான் ஒல்லியாக இருந்த காலம் அது. குண்டாக இருந்திருந்தாலும் ஒரு பெண் உட்கார்ந்ததால் கிளச் தட்டு கருகாது. “அது இல்லைங்க. எண்ணெய்ல வேற ஒண்ணு கலந்தாச்சு. புஸ்தகத்துல இருபத்திரண்டாம் பக்கம் பாருங்க” என்றேன்.

“பாக்கலாம் மேடம்” என்று சொல்லிவிட்டு இவரிடம், “மேடத்தை நேரா உக்காரப் பழக்குங்க சார்” என்றார்.

நான் இவரைப் பார்த்தேன். இப்போதாவது சொல்வார் என்று நினைத்தேன். நான் தடுத்ததையும் மீறி ஊற்றியது இவர் கண் முன்னால். ஆனால் இவர் தலையை ஆட்டினார். “சரிங்க, பிளேட் மாத்திருங்க” என்றார். வாரண்டி கிடைக்காது என்றாகிவிட்ட பிறகும் இவருக்கு வாய் வரவில்லை. தன் சிநேகிதர் சொன்னதைக் கேட்டு ஏமாந்தேன் என்று ஒரு வெள்ளைச் சட்டைக்காரனிடம் சொல்வதைவிட, பெண்டாட்டியின் எடைதான் காரணம் என்று இருந்துவிட்டுப் போகட்டும் என்று நினைத்தார்.

பழைய எண்ணெயைக் கீழே கொட்டப் போனார்கள். “அதக் கொட்டாதீங்க, ஒரு பாட்டில்ல குடுங்க. அந்தத் தட்டுகளையும் குடுங்க” என்றேன்.

“எதுக்கு மேடம், வீட்டுக் கதவு கீல் சத்தம் போடுதா?” என்றார் சூப்பர்வைசர். அங்கிருந்த எல்லோரும் சிரித்தார்கள். நான் பாட்டிலையும் தட்டுகளையும் வாங்கிக் குழந்தைத் துணி இருந்த பையில் வைத்துக்கொண்டேன்.

வீட்டுக்கு வந்ததும் நான் பேசினேன். எங்கள் கல்யாணமாகி ஒன்பது வருஷத்தில் அப்படி நான் பேசியதில்லை. “நான் சொன்னத நீங்க கேக்கல, அது போகட்டும். அங்க அவன் என்னைச் சொன்னப்ப நீங்க ஏன் பேசல?” என்று கேட்டேன். அவர் செருப்பைக் கழற்றாமல் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். “சொல்லணும்னுதான் நெனச்சேன். வரல” என்றார். நான் மறுபடி கேட்டேன். மறுபடியும் அதே பதில்தான்.

மறுநாள் என் அதிகாரியிடம் போய், இந்த எண்ணெயை லேப்பில் பார்க்கலாமா என்று கேட்டேன். சொந்த வண்டிக்கெல்லாம் கம்பெனி லேப் கிடையாது என்றார். சரியான பதில். எல்லோரிடமும் அப்படித்தான் சொல்வார். அவர்மேல் எனக்குக் கோபமில்லை. வீட்டில் உட்கார்ந்து மை ஒற்றும் தாளில் புது எண்ணெய் ஒரு சொட்டும், பாட்டிலில் இருந்தது ஒரு சொட்டும் விட்டேன். புதியது மஞ்சளாகப் பரவிப் போனது. மற்றதில் நடுவில் காசளவு கறுப்பு பளபளவென்று நின்றுவிட்டது. யாருக்கும் விளங்கும்.

அண்ணாச்சி விஷயம் கேள்விப்பட்டு அந்த வாரக் கடைசியில் வந்தார். “பிளேட்டே லோக்கல் சரக்கா இருக்கும்” என்று சொல்லிக்கொண்டேதான் செருப்பைக் கழற்றினார். நான் தட்டுகளையும் தாளையும் அவர் முன்னால் வைத்தேன்.

“அண்ணாச்சி, உங்க டம்பர்ல இந்தக் கறுப்ப எஞ்சினுக்குத்தான ஊத்தினீங்க?”

“ஆமா.”

“அதுல கிளச் எங்க இருக்கு? எஞ்சின் எண்ணெய்க்குள்ளயா?”

அவர் ஒரு தட்டை எடுத்தார். விரலால் தடவினார். அவர் தொழில் தெரிந்தவர். அதனால் பதில் சொல்ல அவருக்குச் சிரமம் ஆனது. “இல்ல. அது தனியால்லா இருக்கு” என்றார்.

“இதுல மூணும் ஒண்ணா இருக்கு. மூணுக்கும் ஒரே எண்ணெய்தான்.”

தட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். தாளில் இருந்த கறுப்பை நகத்தால் சுரண்டினார். கடைசியில் தலையை நிமிர்த்தி, குற்றம் சொல்கிற மாதிரிகூட இல்லாமல், நிஜமான வருத்தத்தோடு சொன்னார்:

“இத முன்னாடியே சொல்லியிருக்கலாமே தங்கச்சி.”

“சொன்னேன் அண்ணாச்சி. நீங்க காப்பி கேட்டீங்க.”

அவர் இவரைப் பார்த்தார். இந்தத் தடவை இருவரும் சிரிக்கவில்லை. “ஆமா, சொன்னா” என்றார் இவர், தரையைப் பார்த்துக்கொண்டே. டீலர் கடையில் வராத வாய் அப்போதாவது வந்தது. அண்ணாச்சி எழுந்தார். எங்கள் பிளாக்கிலும் பக்கத்து பிளாக்கிலுமாக இன்னும் நாலு பேருக்கு அவர் அந்த டப்பாவை வாங்கிக் கொடுத்திருக்கிறார் என்பது அப்போதுதான் தெரிந்தது. அன்று சாயங்காலமே நாலு வீட்டுக்கும் நடந்து போய் எண்ணெயை வடிக்கச் சொல்லியிருக்கிறார். அந்த விஷயத்தில் அவரைக் குறை சொல்ல மாட்டேன்.

ஆனால் அந்த நாலு பேரில் ஒருவர் மறுநாள் எங்கள் வீட்டுக்கு வந்து இவரிடம், “நல்ல வேளை சார், ஃபோர்மேன் கண்டுபிடிச்சாரு” என்று சொல்லிவிட்டுப் போனார். நான் கொடியில் துணி காயப்போட்டுக்கொண்டு நின்றேன்.

அதற்குப் பிறகு எண்ணெய் நானே வாங்குவது என்று முடிவு செய்தேன். பண்ருட்டி மொத்தக் கடையில் போய்க் கேட்டால், “வீட்டுக்காரரக் கூட்டிக்கினு வாங்கம்மா, வண்டி ஆயில்ல தப்பா வாங்கிட்டா மாத்தித் தர மாட்டோம்” என்றார் கடைக்காரர். ரகத்தைச் சொன்னேன். பீப்பாயிலிருந்து உதிரியாக ஊற்றித் தருகிறேன், அதே ரகம்தான் என்றார். வேண்டாம், மூடியில் சீல் உடையாத டின்தான் வேண்டும் என்றேன். மூன்று டின்னைத் திருப்பித் திருப்பிப் பார்த்து, ஒன்றின் சீலில் சின்னக் கீறல் இருந்ததால் அதை ஒதுக்கி வேறொன்றை எடுத்தேன். அவருக்கு என்மேல் எரிச்சல். எனக்கும்தான்.

இதெல்லாம் எனக்கு மட்டும் தெரிந்து என்ன பயன் என்று ஒரு தாளில் தமிழில் எழுதினேன். புது வண்டிக்காரர்கள் எந்த எண்ணெய் ஊற்ற வேண்டும், எதைக் கலக்கக் கூடாது, ஏன் கூடாது, டின்னை எப்படிப் பார்த்து வாங்க வேண்டும். ஒரு பக்கம்தான். எங்கள் பிளாக் மனமகிழ் மன்றத்து அறிவிப்புப் பலகையில் ஒட்டச் சொல்லிச் செயலாளரிடம் கொடுத்தேன். அவர் படித்துப் பார்த்தார். நன்றாக இருக்கிறது என்றார்.

“கீழ சார் பேரப் போட்டுருங்க மேடம். லேடீஸ் பேர் இருந்தா யாரும் சீரியஸா எடுத்துக்க மாட்டாங்க.”

“எழுதினது நான்.”

“தெரியும் மேடம். நான் பொதுவா சொல்றேன்.”

“என் பேர் இல்லாம ஒட்ட வேண்டாம்” என்று தாளைத் திரும்ப வாங்கிக்கொண்டேன். மருந்துச் சீட்டை எழுதியது டாக்டரா என்று பார்ப்பது மாதிரி, எழுதியவரின் தகுதியைப் பார்ப்பதில் நியாயம் உண்டு. அப்படிப் பார்த்தாலும் அந்த ஊரில் அதை எழுத என்னைவிடத் தகுதியானவர்கள் நாலைந்து பேர் இருந்திருந்தால் அதிகம். அந்த நாலைந்து பேரும் என்னோடு அதே லேப்பில்தான் உட்கார்ந்திருந்தார்கள்.

அடுத்த தடவை தங்கை வீட்டுக்குப் போகும்போது முத்தாண்டிக்குப்பத்தில் வண்டியை நிறுத்தச் சொன்னேன். மெக்கானிக்கிடம் தாளைக் கொடுத்தேன். அவருக்கு எழுத்துக் கூட்டித்தான் படிக்க வரும். மெதுவாக, உதட்டை அசைத்து, முழுவதையும் படித்தார். நடுவில் இரண்டு சந்தேகம் கேட்டார். பிறகு தாளின் அடிப்பக்கத்தைப் பார்த்தார்.

“கீழ பேரு போடலியாங்க?”

பேனாவை வாங்கி, வண்டியின் சீட்டில் தாளை வைத்து, என் பெயரும் லேப்பில் என் வேலையும் எழுதிக் கையெழுத்துப் போட்டேன். இவர் பக்கத்தில் நின்று தாள் பறக்காமல் ஓரத்தைப் பிடித்துக்கொண்டார். மெக்கானிக் அதைக் கொட்டகைத் தூணில் ஆணி அடித்து மாட்டினார்.

மழைக்காலத்தில் அது ஊறிக் கிழிந்துவிட்டதாம். அடுத்த முறை போனபோது, அதில் இருந்ததை யாரையோ கொண்டு ஒரு தகரத்தில் பெயிண்டால் எழுதி வாங்கியிருந்தார். என் பெயரில் ஓர் எழுத்துத் தப்பாக இருந்தது. எண்ணெய் நம்பர் சரியாக இருந்தது. திருத்தச் சொல்லலாமா என்று ஒரு நிமிஷம் நின்றேன். சொல்லவில்லை. அதற்குள் அவர், இரண்டு நாள் முன்னால் வந்த புது வண்டி ஒன்றின் எண்ணெயைக் கிண்ணத்தில் வடித்து என் முன்னால் கொண்டுவந்து வைத்து, “இது இன்னும் ஓடும்ங்களா, மாத்திடலாங்களா?” என்று கேட்டார்.